பிள்ளைகளுக்குக் கோல் வாய்ப்பு உருவாக்கச் சொல்லித்தருவது எப்படி? ரங்கூன் மைதானத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரங்கூனில் நம் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கால்பந்து பழக்கும்போது, பெற்றோரும் சரி, புதிதாக ஒரு டீம் சேர்த்துப் பழக்க வந்த இளைஞர்களும் சரி, ஒரே சந்தேகங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். பெகுவிலிருந்தும் மோல்மீனிலிருந்தும் போனில் வருவதும் இதே கேள்விகள்தான். எட்டு வயதிலிருந்து பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளை மனதில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே விட்டிருக்கிறேன். ‘சயா’ என்றால் பர்மியத்தில் ஆசிரியர், என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

கோல் வாய்ப்புன்னா என்ன சயா? கோலைப் பார்த்து ஓங்கி அடிச்சா அது வாய்ப்புதானே?

அடிப்பது வேறு, வாய்ப்பு வேறு. 25 மீட்டர் தள்ளி நின்று, எதிரே மூன்று பேர் மறைத்திருக்க, கண்ணை மூடிக்கொண்டு அடிப்பதற்கும் ஷாட் என்றுதான் பெயர். பெரிய தொழில்முறை லீக்குகளிலேயே பெனால்டி பாக்ஸுக்கு வெளியிலிருந்து அடிக்கும் பந்துகளில் மிகச் சிலதான் உள்ளே போகின்றன. 11 மீட்டரில் பந்தை வைத்து, குறுக்கே ஆள் இல்லாமல் அடிக்கும் பெனால்டியோ ஏறக்குறைய நாலுக்கு மூன்று கோலாகிறது.

பிள்ளைகளுக்கு இதை மூன்று கேள்வியாகச் சொல்லிக் கொடுக்கிறேன். கோலுக்குக் கிட்டே இருக்கிறாயா? நேர் எதிரே இருக்கிறாயா? உனக்கும் கோலுக்கும் நடுவே கீப்பர் மட்டும்தானா? இரண்டுக்காவது ‘ஆமாம்’ என்றால் அடி. இல்லையென்றால் வாய்ப்பு இன்னும் வரவில்லை, வரவழைக்க வேண்டும். அப்படி வரவழைப்பது பெரும்பாலும் அடிக்கிறவன் கையில் இல்லை. அவனுக்கு இரண்டு பாஸ் முன்னால், பந்தே இல்லாத ஒருவன் சரியான இடத்துக்கு ஓடினானே, வாய்ப்பு அங்கேதான் தொடங்குகிறது. கீழே வரும் பதில்கள் எல்லாமே இதைச் சுற்றித்தான் போகும்.

இதெல்லாம் எத்தனை வயசுல ஆரம்பிக்கலாம்? எட்டு வயசுப் பிள்ளைக்குப் புரியுமா?

விளக்கம் சொன்னால் புரியாது, விளையாட்டாக வைத்தால் புரியும். எட்டு வயதில் இரண்டு பேருக்கு எதிராக ஒருவர் என்று விடுங்கள், அது போதும். பத்து வயதுக்கு மேல் மூன்றுக்கு இரண்டு. பதினொன்று, பன்னிரண்டு வயதில்தான் ‘நீ ஓடினால் அவன் உன் பின்னால் வருவான், அவன் விட்ட இடம் காலி’ என்பது பிள்ளைகளுக்குப் பிடிபடத் தொடங்குகிறது.

எங்ககிட்ட முழு மைதானம் இல்லை, கோல் போஸ்ட்டும் இல்லை. எப்படிப் பழக்குறது?

சின்ன இடம் இந்த வேலைக்கு நல்லதே. இங்கிலாந்தில் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களை ஒரு பக்கம் ஒன்பது பேருக்கு மேல் ஆட விடுவதில்லை, மைதானத்தையும் அதற்கேற்பச் சுருக்குகிறார்கள். நாலுக்கு நாலு ஆடும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் பந்து பலமுறை வருகிறது, கோல் எப்போதும் கிட்டேயே இருக்கிறது. பதினொன்றுக்குப் பதினொன்று ஆடவிட்டால் பாதிப் பேர் வேடிக்கைதான் பார்ப்பார்கள்.

ஒரு கூடைப்பந்து மைதானம் அளவுக்கு இடம் கிடைத்தால் போதும். கோலுக்கு இரண்டு செங்கல், எல்லைக்குச் செருப்பு வரிசை. முழு அளவுக் கோலின் 7.32 மீட்டர் அகலம் இந்த வயதுக்குத் தேவையில்லை. குட்டைக் கீப்பரின் தலைக்கு மேலே தூக்கிப் போட்டுக் கோல் அடிக்கும் பழக்கம்தான் அதில் வளரும்.

வாரா வாரம் வரிசையில நிறுத்தி ஷூட்டிங் பழக்குறோம். மேட்ச்சுல மட்டும் கோலே வரமாட்டேங்குதே?

வரிசைப் பயிற்சியில் பந்து நின்றுகொண்டிருக்கிறது, எதிராளி இல்லை, எப்போது அடிப்பது என்று பிள்ளை முடிவு செய்ய வேண்டியதும் இல்லை. மேட்ச்சில் இந்த மூன்றும் தலைகீழ். பன்னிரண்டு பேர் வரிசையில் நின்றால் ஒருவன் அடிக்கும்போது பதினொரு பேர் சும்மா நிற்கிறார்கள் என்பதையும் பாருங்கள்.

வரிசையைக் கலைத்துவிட்டு மூன்றுக்கு இரண்டு வையுங்கள். மூன்று பேர் பந்தோடு கோலை நோக்கி வர, இரண்டு பேர் தடுக்க, ஒரு கீப்பர். எட்டு வினாடிக்குள் அடித்துவிட வேண்டும். முடிந்ததும் அடுத்த ஐவர். அடிக்கும் பயிற்சியும் இதிலேயே வந்துவிடுகிறது. அதற்கு முந்தின வேலையைக் கூடவே பழகுகிறார்கள் என்பதுதான் லாபம்.

எல்லாரும் பந்தைச் சுத்தியே ஓடுறாங்க. ‘தள்ளி நில்லு, தள்ளி நில்லு’ன்னு கத்திக் கத்தித் தொண்டை போச்சு.

கத்துவதை நிறுத்திவிட்டு ஆட்டத்தின் விதியை மாற்றுங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கோலுக்குப் பதில் இரண்டு சின்னக் கோல் வையுங்கள், ஒன்று இடது மூலையில், இன்னொன்று வலது மூலையில். எல்லாரும் இடது பக்கம் கூடினால் வலது கோல் காலியாகக் கிடக்கும். கொஞ்ச நேரத்தில் யாராவது ஒரு பிள்ளை அதைக் கவனித்து, தனியாக அந்தப் பக்கம் போய்க் கையைத் தூக்குவான். அவனுக்குப் பந்து போய்க் கோல் விழுந்த பிறகு நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

ஆறு, ஏழு வயதில் எல்லாரும் பந்தை மொய்ப்பது இயல்பு. அந்த வயதில் அதைத் திருத்தவே வேண்டாம்.

எங்க பசங்க சின்லோன் ஆடி வளந்தவங்க. கால் அவ்வளவு நல்லா இருக்கு, மேட்ச்சுல அது ஏன் உதவ மாட்டேங்குது?

இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் நம் பிள்ளைகளுக்கு இந்த ஊர் கொடுத்திருக்கும் சொத்து அது. பிரம்புப் பந்தை ஆறு பேர் வட்டமாக நின்று கீழே விழாமல் தட்டுகிறார்கள். கால்விரல் மேல்பக்கம், உள்பக்கம், வெளிப்பக்கம், உள்ளங்கால், குதிகால், முழங்கால் என்று ஆறு இடத்தால் தொடத் தெரிந்த பிள்ளைக்குப் பந்தை அடக்குவது பெரிய விஷயமே இல்லை. ஆனால் சின்லோனில் எதிராளி கிடையாது, கண்ணைப் பந்திலிருந்து எடுக்கவும் கூடாது. கால்பந்தில் பந்து வருவதற்கு முன்பே கண்ணை எடுத்துச் சுற்றிப் பார்க்க வேண்டும். சிக்கல் இந்த இடத்தில்தான்.

வட்டத்தைக் கலைக்க வேண்டாம், அதன் நடுவே இரண்டு பேரைப் பறிக்க விடுங்கள். வட்டத்துக்கு வெளியே பத்தடி தள்ளி ஒருவன் நடந்துகொண்டே இருக்கட்டும். வட்டத்தில் இருப்பவர்கள் தரையோடு நாலு பாஸ் போட்டதும், ஐந்தாவது பாஸ் நடுவில் இருக்கும் இருவருக்கும் இடைவெளியில் புகுந்து வெளியே இருப்பவனிடம் போக வேண்டும். அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று பார்க்காமல் அதைச் செய்யவே முடியாது. சின்லோன் கால் அப்படியே இருக்கும், கண் மட்டும் புதிதாகப் பழகும்.

‘தலையைத் தூக்கிப் பாரு’ன்னு சொல்றோம். எதைப் பார்க்கணும்னு அவனுக்குத் தெரியலையே?

நியாயமான கேள்வி. முதலில், பந்து காலுக்கு வந்த பிறகு பார்ப்பது தாமதம். அது வருகிற வழியிலேயே தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை போய்வர வேண்டும். நார்வே ஆராய்ச்சியாளர் கெய்ர் யோர்டெட் பெரிய ஆட்டக்காரர்களின் தலை அசைவைப் படம்பிடித்து எண்ணிப் பார்த்திருக்கிறார். பந்து வருமுன் அதிகமுறை சுற்றிப் பார்ப்பவர்களே அடுத்த பாஸைச் சரியாகப் போடுகிறார்கள் என்பது அவர் ஆய்வில் தெரிய வந்தது.

பார்க்க வேண்டியது இரண்டே விஷயம்: என் முதுகுக்குப் பின்னால் ஆள் இருக்கிறானா, முன்னால் எங்கே காலி? பயிற்சியில், பந்து வந்துகொண்டிருக்கும்போது அந்தப் பிள்ளைக்குப் பின்னால் நின்று விரலைக் காட்டுங்கள். பந்தைத் தொடுவதற்கு முன் எத்தனை விரல் என்று அவன் சொல்ல வேண்டும். பிள்ளைகள் இதைப் போட்டி போட்டுக்கொண்டு செய்கிறார்கள்.

பந்து இல்லாதவன் எங்கே ஓடணும்? சும்மா முன்னால ஓடுன்னா போதுமா?

போதாது. மூன்றுவித ஓட்டம் சொல்லிக் கொடுங்கள். ஒன்று, தடுப்பவரின் முதுகுப் பக்கம் ஓடுவது. பந்தையும் அவனையும் சேர்த்துப் பார்க்க அவரால் முடியாது. இரண்டு, பந்து வைத்திருப்பவனை நோக்கி வந்து, தடுப்பவரை இழுத்துக்கொண்டு வருவது. பந்து அவனுக்குக் கிடைக்காமல் போகலாம், அவன் விட்டுவந்த இடத்தில் இன்னொருவன் நுழைவான். மூன்று, நிற்பது. எல்லாரும் ஓடும்போது ஒருவன் சட்டென்று நின்றால் அவனைச் சுற்றி இடம் பிறக்கிறது.

இரண்டாவது ஓட்டம் ஓடுகிற பிள்ளையை யாரும் பாராட்டுவதில்லை. கோல் விழுந்ததும் அடித்தவனைத் தூக்குகிறோம், பாஸ் கொடுத்தவனைத் தட்டிக் கொடுக்கிறோம், இடத்தைத் திறந்துவிட்டவன் தனியாகத் திரும்பி நடக்கிறான். பயிற்சி தருகிறவர்கள் முதலில் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். அடுத்த ஆட்டத்திலேயே இன்னும் இரண்டு பேர் அப்படி ஓடுவதைப் பார்ப்பீர்கள்.

விங்குல இருந்து உயரமாத் தூக்கிப் போட்டா கீப்பர் புடிச்சிடுறார். எங்க பசங்க வேற குட்டை. என்ன செய்யலாம்?

தூக்கிப் போடவே வேண்டாம், தரையோடு பின்னால் இழுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நடப்பதைக் கொஞ்சம் நிறுத்திப் பார்ப்போம். பையன் வலது ஓரமாகப் பந்தை ஓட்டிக்கொண்டு கோல் லைன் வரைக்கும் போகிறான். கீப்பர் தன் பக்கத்துக் கம்பத்தை அடைக்க நகர்கிறார். தடுப்பவர்கள் எல்லாரும் தங்கள் கோலைப் பார்த்து ஓடிவருகிறார்கள், கண் பந்தின் மேல், முதுகு மைதானத்தின் பக்கம். அவர்கள் ஓடி வந்த வேகத்தில் அவர்களுக்குப் பின்னால், பெனால்டி புள்ளியை ஒட்டி, ஒரு பட்டை நிலம் காலியாகிவிடுகிறது. அங்கே பந்தை உருட்டினால், வருகிறவன் கோலுக்கு நேர் எதிரே நின்று, தன்னை நோக்கி வரும் பந்தை அடிக்கிறான். முதல் பதிலில் சொன்ன மூன்று கேள்விக்கும் பெரும்பாலும் ‘ஆமாம்’. இதில் உயரத்துக்கு வேலையே இல்லை.

பழக்குவதற்கு அந்தப் பட்டையைச் செருப்பு வைத்து அடையாளம் போடுங்கள். விங்கில் ஒருவன் கோல் லைன் வரை போக, நடுவே மூன்று பேர் வரட்டும். ஒருவன் பக்கத்துக் கம்பத்துக்கு, ஒருவன் தூரக் கம்பத்துக்கு, மூன்றாமவன் பட்டையில் நுழையுமுன் வேகத்தைக் குறைத்துக் காத்திருக்க வேண்டும். பிள்ளைகள் தடுமாறுவது இந்த மூன்றாமவனிடம்தான். ஆசையில் எல்லாரும் கோலுக்குள்ளேயே ஓடிவிடுவார்கள். ‘பந்து கோல் லைனைத் தொடும்வரை செருப்பைத் தாண்டாதே’ என்று ஒரே கட்டளை கொடுங்கள்.

தலையால் முட்டும் பயிற்சியைச் சின்னப் பிள்ளைகளுக்குத் தவிர்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மூளைக்குப் பாதிப்பு வரக்கூடும் என்பதால் அமெரிக்கக் கால்பந்து அமைப்பு 2015-இல் பத்து வயது வரையுள்ளவர்களுக்கு அதைத் தடுத்தது. இங்கிலாந்தும் 2020-இல் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளின் பயிற்சியில் வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

குட்டை என்று கவலைப்படுகிற அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. பர்மா அணி 1966-இல் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றது, 1970-இல் தென் கொரியாவோடு தங்கத்தைப் பகிர்ந்துகொண்டது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் சோவியத் அணியிடம் தோற்றது ஒரே ஒரு கோலில்தான், சூடானை 2-0 என்று வென்றது. அந்த ஆட்டக்காரர்கள் யாரும் உயரத்தால் பெயர் வாங்கவில்லை.

ஆஃப்சைடு பயத்துல பசங்க முன்னாலயே போக மாட்டேங்குறாங்க. எளிமையா எப்படிச் சொல்றது?

பாஸ் கொடுக்கப்படும் அந்த நொடியில், எதிராளியின் பாதியில், பந்தையும் கடைசிக்கு முந்தின எதிராளியையும் தாண்டி நின்றுகொண்டு ஆட்டத்தில் தலையிட்டால் ஆஃப்சைடு. சம கோட்டில் இருந்தால் இல்லை. சொந்தப் பாதியில் இருந்தால் இல்லை. த்ரோ-இன், கார்னர், கோல் கிக் மூன்றிலிருந்தும் நேராக வாங்கினால் இல்லை.

பயம் போக இன்னொன்று சொல்லுங்கள். பந்துக்குப் பின்னால் இருப்பவன் ஒருபோதும் ஆஃப்சைடு ஆக மாட்டான். மேலே சொன்ன, பின்னால் இழுத்துக் கொடுக்கும் பாஸில் பட்டையில் காத்திருப்பவன் பந்துக்குப் பின்னால்தான் இருக்கிறான், கொடி தூக்க வழியே இல்லை. முன்னால் ஓடி வாங்குபவன், நேராக ஓடாமல் தடுப்பவர்களின் கோட்டோடு குறுக்கே ஓடி, பாஸ் கிளம்பியதும் வளைந்து உள்ளே நுழையட்டும்.

என் மகன் பாஸே குடுக்க மாட்டான். எல்லாரையும் வெட்டிக்கிட்டுத்தான் போவான். கண்டிக்கணுமா?

வேண்டாம் அக்கா. ஒருவனை வெட்டித் தாண்டத் தெரிந்த பிள்ளை கிடைப்பது அரிது. அவன் ஒருவரைத் தாண்டினால் இன்னொரு தடுப்பவர் தன் ஆளை விட்டுவிட்டு அவனிடம் வந்தாக வேண்டும். அந்த நொடியில் நம் ஆள் ஒருவன் தனியாகிறான். அவனுக்குச் சொல்ல வேண்டியது ‘பாஸ் கொடு’ என்பதற்குப் பதிலாக, ‘இரண்டாவது ஆள் உன்னிடம் வரும்வரை கொண்டு போ, வந்ததும் கொடு’ என்பதுதான்.

இடத்தையும் பிரித்துக் காட்டுங்கள். நம் கோலுக்கு முன்னால் வெட்டி விளையாடுவது ஆபத்து. எதிராளியின் கோலுக்கு முன்னால் பந்து பறிபோனாலும் குடி முழுகாது. அங்கே பறிகொடுத்ததற்காக ஒரு பிள்ளையைத் திட்டினால், அடுத்த முறை அவன் முயற்சியே செய்ய மாட்டான்.

பந்தைப் பறிச்ச உடனே என்ன செய்யணும்? எங்க ஆளுங்க பின்னாலேயே தட்டிக்கிட்டு இருக்காங்க.

எதிராளி தாக்க வந்தபோது பரந்து கிடப்பார். பறித்த முதல் சில வினாடிகளில் அவர் இன்னும் திரும்பி அடுக்கவில்லை. அதனால் முதல் பார்வை முன்னால் போகட்டும். முன்னால் வழி இல்லையென்றால் மட்டும் பின்னால் தட்டிப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். பயிற்சி ஆட்டத்தில், பறித்த ஆறு வினாடிக்குள் விழும் கோலுக்கு இரட்டைப் புள்ளி கொடுங்கள்.

சில டீம் எல்லா ஆளையும் கோலுக்கு முன்னால நிறுத்திடுறாங்க. அப்ப எப்படி உள்ள போறது?

பிள்ளைகள் பொறுமை இழந்து தூரத்திலிருந்து அடிக்கத் தொடங்குவது இங்கேதான். கூட்டத்தை நகர வைக்க வேண்டும். பந்தை இடது ஓரத்தில் மூன்று பாஸ் வைத்திருங்கள், எல்லாரும் அங்கே சரிவார்கள். பிறகு வேகமாக வலது ஓரத்துக்கு மாற்றுங்கள். மாற்றிய பந்து மெதுவாகப் போனால் பயன் இல்லை, அவர்களும் கூடவே வந்துவிடுவார்கள். இரண்டு கோல் வைத்து ஆடிய ஆட்டம் இதற்குத்தான் அடித்தளம்.

இன்னொரு வழி மூன்றாவது ஆள். முதலாமவன், முன்னால் கோலுக்கு முதுகு காட்டி நிற்பவனுக்குக் கொடுக்கிறான். எல்லார் கண்ணும் அவன் மேல் போகும்போது, அவன் ஒரே தட்டில் பக்கவாட்டில் ஓடிவரும் மூன்றாமவனுக்குத் தள்ளுகிறான். பதிமூன்று, பதினான்கு வயதுக்கு முன்னால் இதை எதிர்பார்க்காதீர்கள்.

மழைக்காலத்துல இதெல்லாம் நடக்குமா? ஜூன்ல இருந்து அக்டோபர் வரைக்கும் ஒரே சேறுதானே.

பாதி நடக்கும். தேங்கிய தண்ணீரில் தரைப் பாஸ் நின்றுவிடும், அதனால் ஆட்டத்துக்கு முன் பிள்ளைகளோடு மைதானத்தைச் சுற்றி நடந்து, எங்கே பந்து ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று உருட்டிப் பாருங்கள். கோலுக்கு முன்னால்தான் சேறு அதிகம், ஓரங்களில் பெரும்பாலும் புல் இருக்கும். ஈரப்பந்தைக் கீப்பரால் இறுகப் பிடிக்க முடியாது. எனவே ஒருவன் தாழ்வாக அடிக்கட்டும், இன்னொருவன் கூடவே ஓடி, நழுவும் பந்துக்குக் காத்திருக்கட்டும். இடி இடித்தால் பேச்சே இல்லை, எல்லாரையும் உள்ளே கூட்டிவிடுங்கள்.

பொம்பளப் பிள்ளைகளுக்கும் இதே பயிற்சிதானா?

இதேதான், ஒரு வரிகூட மாற்ற வேண்டாம். மியன்மார் பெண்கள் அணி 2004-இலும் 2007-இலும் தென்கிழக்காசிய நாடுகளுக்கான ஆசியான் கோப்பையை வென்றிருக்கிறது. பன்னிரண்டு வயது வரை கலந்தே ஆட விடுங்கள். பையன்கள் அவர்களுக்குப் பாஸ் கொடுக்காமல் ஒதுக்கினால், அணியில் எல்லாரும் பந்தைத் தொட்ட பிறகே கோல் செல்லும் என்று விதி போடுங்கள்.

வாய்ப்பு நிறைய வருது, கோல் விழ மாட்டேங்குது. ஃபார்வர்டை மாத்திடலாமா?

முதலில் எழுதிப் பாருங்கள். ஓரத்தில் நிற்கும் அப்பாக்களில் ஒருவரிடம் நோட்டைக் கொடுத்து, ஒவ்வொரு வாய்ப்புக்கும் யார் ஓடினான், யார் கொடுத்தான், யார் அடித்தான் என்று குறிக்கச் சொல்லுங்கள். முதல் பதிலின் மூன்று கேள்வியை வைத்துத்தான் குறிக்க வேண்டும். நிறைய என்று நினைத்ததில் பாதி வாய்ப்பே இல்லை என்பது பல நேரம் தெரிய வரும். அப்படியென்றால் குறை ஃபார்வர்டிடம் இல்லை, அவனுக்குப் பந்து வரும் விதத்தில் இருக்கிறது.

உண்மையிலேயே நல்ல வாய்ப்புகள் வீணாகின்றன என்றால், பெரும்பாலும் அவசரம்தான் காரணம். ‘ஓங்கி அடி’ என்று வெளியிலிருந்து நாம் கத்துவதும் அதில் சேரும். பத்து மீட்டருக்குள் பாதத்தின் உட்பக்கத்தால் மூலைக்குப் பாஸ் போடுவதுபோல் தள்ளினால் போதும்.

அப்ப வெளியில நிக்கிற நாங்க என்னதான் சொல்றது?

பந்து காலில் இருக்கும்போது ஒன்றும் சொல்ல வேண்டாம். ஒரு பக்கம் தமிழில் ‘அடி’, இன்னொரு பக்கம் பர்மியத்தில் வேறொன்று, நடுவில் நான் ஒன்று என்றால் அந்தப் பிள்ளை யார் பேச்சைக் கேட்பான்? அவன் பார்த்து முடிவெடுக்க வேண்டிய நொடி அது. முடிந்ததும், நன்றாக இருந்தால் கை தட்டுங்கள், கோல் விழாவிட்டாலும் தட்டுங்கள்.

கடைசியா ஒண்ணு சயா. எங்க டீம்ல ஒருத்தன் மின்னல் மாதிரி ஓடுவான். அவனுக்கு நீளமா அடிச்சு விட்டாலே ஜெயிச்சிடுறோம். இவ்வளவு கஷ்டம் எதுக்கு?

பன்னிரண்டு வயதில் ஜெயிப்பீர்கள், அதை மறுக்க முடியாது. அந்தப் பையன் பெரும்பாலும் சீக்கிரம் வளர்ந்தவன், அல்லது வருடத் தொடக்கத்தில் பிறந்து மற்றவர்களைவிடப் பல மாதம் மூத்தவன். பதினைந்து, பதினாறில் மற்றவர்களும் வளர்ந்து அவன் வேகத்தை எட்டிவிடுவார்கள். அப்போது அவனுக்கு ஓட்டத்தைத் தவிர வேறு ஒன்றும் தெரிந்திருக்காது. மற்றப் பிள்ளைகளுக்கோ நீளமாக அடிப்பதைத் தவிர ஒன்றும் தெரிந்திருக்காது.

அவனுடைய வேகத்தை வீணாக்க வேண்டாம், தடுப்பவர்களின் முதுகுக்குப் பின்னால் காலி இடம் இருந்தால் அங்கே பந்து போகட்டும். யார் கொடுக்கிறான், எப்போது கொடுக்கிறான் என்பதை மட்டும் மற்றவர்கள் பார்த்து முடிவு செய்யட்டும். பயிற்சியில் அவனைச் சின்ன இடத்தில், இரண்டு தொடுதலுக்கு மேல் கூடாது என்ற விதியோடு ஆட விடுங்கள். சில வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். வீட்டில் புகார் வந்தால், இந்தப் பதிலை அவன் அப்பாவிடம் காட்டுங்கள்.